ஷெடூர் சாண்டர்ஸ் ஏன் 144-வது ஆளாகப் போனார்? கேள்வி பதில்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். கொலராடோ பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் ஷெடூர் சாண்டர்ஸ், தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2025 டிராஃப்டில் ஐந்தாவது சுற்று வரை காத்திருக்க நேர்ந்ததைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். கொலராடோவுக்காக அவர் ஆடிய 24 ஆட்டங்களையும் பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: அண்ணா, நான் அமெரிக்காவுக்குப் படிக்க வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. 144-வது இடம் என்றால் அவ்வளவு மோசமா? என் அறைத் தோழர்கள் இதற்காகச் சண்டையே போட்டுக்கொண்டார்கள்.

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் 32 அணிகள். கல்லூரி வீரர்களை வரிசையாக ஏழு சுற்றுகளில் எடுப்பார்கள், 2025-ல் மொத்தம் 257 பேர். 144-வது ஆளாக வருவது சாதாரண வீரருக்குக் கொண்டாட்டம்தான் தம்பி. ஆனால் ஷெடூரை முதல் சுற்றிலேயே எடுப்பார்கள் என்று மாதக்கணக்கில் எல்லாரும் பேசினார்கள். கடைசியில் கேம் வார்ட் முதல் ஆளாகவும், ஜாக்சன் டார்ட் 25-வதாகவும், டைலர் ஷக் 40-வதாகவும், ஜேலன் மில்ரோ 92-வதாகவும், டில்லன் கேப்ரியல் 94-வதாகவும் போன பிறகுதான் ஆறாவது குவார்ட்டர்பேக்காக இவர் பெயர் வந்தது. இவரை எடுத்த கிளீவ்லண்ட் பிரவுன்ஸ்தான் அதற்கு முன்னால் கேப்ரியலையும் எடுத்தது. அதாவது இரண்டு பேரில் யார் முதலில் வேண்டும் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். பணத்திலும் பெரிய வித்தியாசம்: கேம் வார்டுக்கு நான்கு வருடத்துக்குச் சுமார் 4 கோடியே 80 லட்சம் டாலர், ஷெடூருக்குச் சுமார் 46 லட்சம்.

கேள்வி: 2024-ல் 74 சதவீதப் பாஸ்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன, 4,134 யார்டு, 37 டச் டவுன் (பந்தை எதிர்முனைப் பகுதிக்குள் சேர்ப்பது), 10 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துவிட்ட பாஸ்). இதற்கு மேல் ஒரு பையன் என்ன செய்ய வேண்டும்?

இந்தக் கோபம் நியாயமானது. முந்தைய வருடம் மூன்றே மூன்று இன்டர்செப்ஷன். பந்தைக் குறி தவறாமல் போடுவதில் அவர் உண்மையிலேயே கெட்டிக்காரர். பாஸைப் பிடிக்கும் ரிசீவர் ஓடுகிற வேகம் குறையாமல், அவர் கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் பந்து வந்து இறங்கும். அதைச் சொல்லிக்கொடுத்து வரவழைப்பது கடினம்.

ஆனால் கல்லூரி மைதானமும் என்எஃப்எல் மைதானமும் ஒன்றில்லை. மைதானத்தின் நடுவில் இருக்கும் ஹேஷ் கோடுகளுக்கு இடையே கல்லூரியில் 40 அடி, என்எஃப்எல்லில் 18.5 அடி. கல்லூரியில் பந்து ஒரு ஓரமாக இருக்கும்போது மறுபக்கம் விரிந்து கிடக்கும், அங்கே சுலபமான பாஸ்கள் கிடைக்கும். அப்புறம், பாஸ் போகும்போது, குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நின்று அவரைக் காக்கும் லைன்மேன்கள் கல்லூரியில் மூன்று யார்டு வரை முன்னேறலாம், என்எஃப்எல்லில் ஒரு யார்டுதான். பந்தைக் கொடுப்பதா, எறிவதா என்று கடைசி நொடியில் முடிவு செய்கிற நகர்வுகள் கல்லூரியில் நன்றாக ஓடுவதற்கு இந்த விதி ஒரு பெரிய காரணம். இதெல்லாம் சேர்ந்து எல்லாருடைய சதவீதத்தையும் கொஞ்சம் தூக்கிவிடும். அதனால் தேர்வாளர்கள் 74 என்ற எண்ணை ஒரு பக்கம் வைத்துவிட்டு, எந்தப் பாஸ் எந்தச் சூழ்நிலையில் போனது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். கை பலத்தில் அவர் நடுத்தரம்தான் என்பதும் அங்கே தெரிந்துவிடும்.

கேள்வி: லைன் மோசமாக இருந்ததால் அவர் அடி வாங்கினார். அதற்கும் அவரையே குறை சொல்வது அநியாயம் இல்லையா?

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பந்தை எறிவதற்கு முன்பே எதிரணி குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவதுதான் சாக். 2023-ல் 52 சாக், 2024-ல் 42 சாக். 24 ஆட்டங்களில் 94 என்றால் ஆட்டத்துக்கு ஏறக்குறைய நான்கு முறை பந்தோடு கீழே விழுந்திருக்கிறார். லைன் பலவீனமாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. ஷெடூரின் அப்பா டியான் சாண்டர்ஸ் பயிற்சியாளராக வருவதற்கு முந்தைய 2022-ல் கொலராடோ 12 ஆட்டங்களில் ஒன்றில்தான் ஜெயித்தது, அணியை ஏறக்குறைய புதிதாகவே கட்டினார்கள். 2024-ல் ஜோர்டன் சீட்டன் என்ற முதல் வருடப் பையன் இடது ஓரத்தில் நின்று நன்றாகவே காத்தார், அப்படியும் 42. பந்தைக் கையில் வைத்து ஓடி முன்னேறும் ஓட்ட ஆட்டத்தில் கொலராடோ நாட்டிலேயே கடைசி வரிசையில் இருந்தது. எதிரணிக்கு ஓட்டத்தைப் பற்றிய பயமே இல்லாததால் எல்லாரும் நேராக ஷெடூரை நோக்கியே பாய்ந்தார்கள். இதையெல்லாம் அவர் கணக்கில் வரவு வைக்கத்தான் வேண்டும்.

ஆனால் நெருக்கடி வருவது வேறு, அது சாக்காக மாறுவது வேறு. நெருக்கடியில் பெரும்பங்கு லைனுடைய பொறுப்பு. அது சாக்காக மாறுவதில் பெரும்பங்கு குவார்ட்டர்பேக்கின் பழக்கம், அணி மாறினாலும் லைன் மாறினாலும் அந்தப் பழக்கம் பெரும்பாலும் கூடவே வரும். ஷெடூரின் பழக்கம் என்னவென்றால், முதலில் பார்த்த ரிசீவர் கிடைக்கவில்லை என்றால் பின்னால் நகர்வார். பக்கவாட்டில் ஓர் அடி, முன்னால் ஓர் அடி என்று, லைன்மேன்கள் காக்கும் வளையமான பாக்கெட்டுக்குள்ளேயே இடம் தேடாமல் பின்னால் போகும்போது, ஓரத்தில் நிற்கும் லைன்மேன் எவ்வளவு நன்றாகத் தடுத்தாலும் பயனில்லை, அவர் எதிரணி ஆளை எங்கே தள்ளிவிட்டாரோ அங்கேயே போய் ஷெடூர் நிற்பார். ஐந்து யார்டு நஷ்டமாக முடிய வேண்டியது பன்னிரண்டாகிவிடும். பந்தை வெளியே எறிந்துவிட்டால் நஷ்டமே இல்லை, ஆனால் அதற்கு அவருக்கு மனசு வராது. அடுத்த நொடியில் ஏதாவது நடக்கும் என்று நம்புகிறவர் அவர். கல்லூரியில் அந்த நம்பிக்கை பல முறை பலித்தது, என்எஃப்எல்லில் பெரும்பாலும் இரண்டரை நொடியில் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும்.

கேள்வி: சின்சினாட்டி குவார்ட்டர்பேக் ஜோ பரோவும்தான் சாக் வாங்கினார். 2021-ல் 51 முறை! என்எஃப்எல் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்கே போனாரே?

சரியான எதிர்வாதம். அந்தப் பருவத்தின் நாக்-அவுட் சுற்றான பிளேஆஃபில் டென்னஸி அணி அவரை ஒன்பது முறை வீழ்த்தியது, அப்படியும் 19-16 என்று ஜெயித்தார். ஆனால் 2019-ல் எல்எஸ்யுவில் (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) 60 டச் டவுன் பாஸ் போட்டு 15 ஆட்டத்தையும் ஜெயித்து, 2020 டிராஃப்டில் முதல் ஆளாகப் போனவர் அவர். எதிரணி எங்கிருந்து பாயப்போகிறது என்று பந்து வருவதற்கு முன்பே படிப்பதில் அவருக்கு நிகர் குறைவு. அவருக்கும் உடம்பு விலை கொடுத்திருக்கிறது: 2020-ல் முழங்கால், 2023-ல் மணிக்கட்டு. அடி தாங்குவது வீரம்தான், ஆனால் அதை நம்பி ஓர் அணி பல வருடத் திட்டம் போட முடியாது.

கேள்வி: அப்பா டியான் சாண்டர்ஸ் பயிற்சியாளராக இருந்ததும், பையனின் ஆணவமும்தான் காரணம் என்கிறார்களே?

"ஆணவம்" என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. தன்னம்பிக்கையோடு பேசும் குவார்ட்டர்பேக்குகள் எத்தனையோ பேர் முதல் சுற்றில் போயிருக்கிறார்கள். ஒருவரை நம்பர் ஒன் ஆட்டக்காரராக நினைக்கும் அணி அவரோடு வரும் கூட்டம், கேமரா எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும். மாற்று ஆட்டக்காரராக நினைக்கும் அணி அதைத் தலைவலியாகப் பார்க்கும். முதல் இரண்டு சுற்றுகளில் எடுக்காததும் இவர் இரண்டாவது வகைக்குள் விழுந்துவிட்டார், அதற்கப்புறம் சரிவு வேகமாகிவிட்டது. அப்பா விஷயத்தில் ஒன்று மட்டும் உண்மை: முதலில் ஆடிய ஜாக்சன் ஸ்டேட் பல்கலைக்கழகத்திலும் பிறகு கொலராடோவிலும் ஒரே தலைமைப் பயிற்சியாளர்தான். வேறொரு தலைமைப் பயிற்சியாளரின் கட்டுப்பாட்டில் எப்படி ஆடுவார் என்பதற்கு டிராஃப்ட் நேரத்தில் கல்லூரி ஆட்டங்களில் சான்றே இருக்கவில்லை.

கேள்வி: குவார்ட்டர்பேக் டிம் டீபோவும் கல்லூரியில் ராஜா, என்எஃப்எல்லில் காணாமல் போனார். இவரும் அப்படித்தானே?

இல்லை. டீபோவின் சிக்கல் இதற்கு நேர்மாறு. 2007-ல் இரண்டாம் ஆண்டு மாணவராக, சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மேன் விருது வாங்கிய முதல் ஆள் அவர், 32 டச் டவுன் பாஸ், 23 டச் டவுன் ஓட்டம். எறியும்போது பந்தை இடுப்பு வரை இறக்கிச் சுற்றி எடுப்பார், அதற்குள் பாதுகாப்பு ஆள் வந்துவிடுவார். 2011-ல் டென்வரில் அவருடைய பாஸ் சதவீதம் 46.5 மட்டுமே. அதே பருவத்தில் பிட்ஸ்பர்குக்கு எதிராகக் கூடுதல் நேரத்தின் முதல் நகர்விலேயே டிமேரியஸ் தாமஸுக்கு 80 யார்டு பாஸ் கொடுத்து ஜெயித்தார், நான் கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். ஆனாலும் அவருக்குக் குறி இல்லை. ஷெடூருக்குக் குறி இருக்கிறது, இல்லாதது காலும் கடிகாரமும், அதாவது கால் நகர்த்தும் முறையும் பந்தை நேரத்துக்கு விடும் பழக்கமும். அவை இரண்டும் திருந்த வாய்ப்பு அதிகம்.

கேள்வி: டிராஃப்டில் டாம் பிரேடி 199-வது, பிராக் பர்டி 262-வது, இரண்டு பேரும் பெரிய குவார்ட்டர்பேக்குகள் ஆனார்கள். அப்படியென்றால் 144 ஒன்றும் தடையில்லையே?

அந்த இரண்டு பேரைச் சொல்லும்போது, அதே இடங்களில் எடுக்கப்பட்டு நமக்குப் பெயரே தெரியாமல் போனவர்களையும் நினைக்க வேண்டும். பின்சுற்றில் வருகிறவருக்குத் திறமை குறைவு என்பதைவிடப் பெரிய தடை பயிற்சி வாய்ப்பு. வார நாட்களில் பயிற்சியில் பெரும்பகுதி முதல் ஆளுக்கே போகும். 2025 கோடையில் பிரவுன்ஸில் ஜோ ஃப்ளாக்கோ, கென்னி பிக்கெட், கேப்ரியல், ஷெடூர் என்று நால்வர் அந்த நேரத்தைப் பங்குபோட்டார்கள். நவம்பர் 16-ல் கேப்ரியல் காயப்பட்ட பிறகுதான் ஷெடூர் முதல் முறை களமிறங்கினார். அடுத்த வாரம் லாஸ் வேகாஸில் முதல் முறையாகத் தொடக்க வீரராக ஆடி 24-10 என்று ஜெயித்தார். அந்த ஆட்டத்தில் பாதுகாப்பு அணிதான் பெரிய வேலை செய்தது, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: நீங்களே முடிவு சொல்லுங்கள். இவர் நிலைப்பாரா? எந்த ஆட்டத்தைப் பார்த்தால் எனக்கும் புரியும்?

இவர் என்எஃப்எல்லில் பல வருடம் இருப்பார் என்று நம்புகிறேன். நல்ல லைனும், பந்தைச் சீக்கிரம் வெளியே அனுப்பும் திட்டமும் கிடைத்தால் நடுத்தரமான தொடக்க வீரராக வருவார். என் கணக்கில் இரண்டாவது சுற்றுக்குத் தகுதியானவர், 144 ரொம்பத் தாழ்வு.

பார்க்க வேண்டியது 2024 செப்டம்பர் 21-ல் போல்டரில் நடந்த பேய்லர் ஆட்டம். 31-24 என்று பின்தங்கி, கடிகாரத்தில் இரண்டே நொடி இருக்கும்போது 43 யார்டு தூரத்திலிருந்து எதிர்முனைப் பகுதியான எண்ட் சோனுக்குள் ஒரு ஹெயில் மேரி (கடைசி நம்பிக்கையாக எறியும் நீளமான பாஸ்) போட்டார், லஜான்டே வெஸ்டர் பிடித்தார், கூடுதல் நேரத்தில் கொலராடோ 38-31 என்று வென்றது. அந்தப் பாஸை எல்லாரும் பார்த்திருப்பார்கள். நீங்கள் ஆட்டம் முழுவதையும் பாருங்கள், பந்தை விட்டுவிட்டு அவருடைய கால்களை மட்டும். மூன்றாவது டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் மூன்றாவதில்) எப்போது பின்னால் நகர்கிறார் என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். அப்புறம் அந்த வருடம் நெப்ராஸ்காவிடம் 28-10 என்று தோற்ற ஆட்டத்துக்கும் இதே கணக்கை எடுங்கள். இரண்டு தாளையும் எனக்கு அனுப்பினால் உட்கார்ந்து பேசுவோம்.