பழைய லாரியில் நிற்காத ஆயில் கசிவு: மறுபடியும் கியர் பாக்ஸை இறக்கும் முன்

15 வருஷம் ஓடிய லாரி, பெல் ஹவுசிங் (என்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்துக் கூடு) அடியில் என்ஜின் ஆயில் சொட்டுகிறது, பின்பக்க கிராங்க் சீலை (கிராங்க் தண்டைச் சுற்றி ஆயிலை அடைக்கிற வளையம்) இரண்டு தரம் மாற்றியும் நிற்கவில்லை, இன்னொரு தரம் கியர் பாக்ஸை இறக்குவதா, என்ஜினையே பிரிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். இதே கோளாறோடு ஏழு மாதம் அலைந்தவன் நான். என்னுடையது 2006 மாடல் பத்துச் சக்கர வண்டி, தாவணகெரேயில் மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு வந்து நாமக்கல் கோழித்தீவன ஆலைகளில் இறக்குகிற ஓட்டம். போக வர ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வரும், ஒவ்வொரு நடைக்கும் இரண்டு லிட்டர் ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தேன். காசைக்கூட விடுங்கள், ஆயில் கிளட்ச் பிளேட்டில் ஏறி, லோடோடு மேடு ஏறும்போது என்ஜின் மட்டும் இரைந்துகொண்டு வண்டி நகராமல் நின்ற ஒரு ராத்திரி இருக்கிறதே, பின்னால் வரிசையாக வண்டிகள், கிளீனர் பையன் கட்டையை எடுத்துக்கொண்டு சக்கரத்துக்கு ஓடுகிறான், அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் போன பட்டறையிலும் முதலில் பின் சீல்தான் என்றார்கள். கியர் பாக்ஸை இறக்கி, கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாம் கழற்றிப் புது சீல் போட்டார்கள். மூன்று நாள் காய்ந்து கிடந்தது, நான்காம் நாள் பழையபடி சொட்டு. சீல் மட்டம் என்று சொல்லி ஒரிஜினல் சீல் வாங்கிவரச் சொன்னார்கள், வாங்கிக் கொடுத்தேன், அதற்கும் அதே கதி. வண்டி நிற்கும்போது அதிகம் சொட்டாது, லோடோடு ஏற்றத்தில் ஏறி வந்தபிறகு பார்த்தால் அடியெல்லாம் நனைந்திருக்கும். காரணமே அதில்தான் இருந்திருக்கிறது, எனக்கு அப்போது புரியவில்லை.

பிறகு சங்ககிரியில் வயதான ஃபிட்டர் ஒருவரிடம் போனேன். வண்டிக்கு அடியில் டார்ச் அடித்து ஒரு பார்வை பார்த்தவர், "முதல்ல கழுவிட்டு வாங்க தம்பி. இத்தனை அழுக்கோட கொண்டுவந்து எங்க ஒழுகுதுன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதுதான் சரி.

நீங்களும் அதிலிருந்தே தொடங்குங்கள். என்ஜின் ஆறியபிறகு டீசல் போட்டுத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் அலசி, கம்ப்ரசர் காற்றில் நன்றாகக் காய வையுங்கள். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மேல் தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் கட்டிக்கொள்ளுங்கள். காய்ந்ததும் சாதாரண முகப் பவுடரை டேப்பெட் கவர் (என்ஜின் உச்சியில் வால்வுகளை மூடியிருக்கும் மூடி) ஓரம், பிளாக்கின் பின்பக்கம், பெல் ஹவுசிங் தலைப்பகுதி, சம்ப் (அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) ஓரம் எல்லாம் தூவிவிடுங்கள். ஐடிலில் பத்து நிமிஷம் ஓடவிட்டால் மட்டும் போதாது, முடிந்தால் லோடோடு பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். ஆயில் எப்போதும் கீழே இறங்கும், ஓடும்போது ஃபேன் காற்று பின்னால் தள்ளும், அதனால் முன்னாலோ மேலேயோ கிளம்பியதுகூடப் பெல் ஹவுசிங் அடியில் வந்துதான் சொட்டும். வெள்ளைப் பவுடரில் ஈரம் பட்ட இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ அங்கிருந்துதான் தேட வேண்டும்.

என் வண்டியில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு பார்த்தபோது, டேப்பெட் கவரின் பின் மூலையில் விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. அது பிளாக்கின் பின்பக்கமாக இறங்கி, பெல் ஹவுசிங் சேரும் இணைப்புக்குள் போய் மறைந்தது. உள்ளே போன ஆயில் ஃப்ளைவீல் பக்கம் வழிந்து அடி ஓட்டை வழியாகச் சொட்டியிருக்கிறது. யார் பார்த்தாலும் பின் சீல் என்றுதான் சொல்வார்கள்.

சரி, டேப்பெட் கவர் பேக்கிங்கை (இணைப்பு இடுக்கை அடைக்கிற பட்டை) மாற்றினால் முடிந்தது என்று நினைத்தேன். பெரியவர் விடவில்லை. என்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, இறுக்காமல் வாயின் மேல் கவிழ்த்து வைத்தார். ஐடிலில் லேசாக ஆடியது. ஆக்சிலேட்டரை ஏற்றியதும் துள்ளிக் கீழே விழுந்தது. அப்புறம் பிரீதர் குழாயை, அதாவது என்ஜினுக்குள் சேரும் வாயு வெளியே போகிற குழாயை, என்ஜினிலிருந்து கழற்றிவிட்டு அதே சோதனையைச் செய்தார், மூடி இருந்த இடத்திலேயே இருந்தது. குழாயை வாங்கி ஒரு கம்பியை விட்டுக் குத்தினால், வளைவுக்குப் பக்கத்தில் கட்டியாக மண். குளவிக் கூடு! அதோடு சோளத் தூசியும் ஆயில் பிசுக்கும் சேர்ந்து தார் மாதிரி இறுகி, பென்சில் முனை நுழையும் அளவுக்குத்தான் துளை மிச்சம் இருந்தது. 2021-ல் அப்பா உடம்புக்கு முடியாமல் இருந்தபோது வண்டி மூன்று மாதம் தோட்டத்தில் புளியமரத்தடியில் நின்றது, கட்டியது அப்போதாகத்தான் இருக்க வேண்டும்.

எந்த என்ஜினிலும் எரிந்த வாயு கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே கிராங்க் அறைக்குள் இறங்கும், பழைய என்ஜினில் கூடுதலாகவே இறங்கும். அது வெளியேறும் வழிதான் பிரீதர். வழி குறுகினால் உள்ளே அழுத்தம் ஏறும், சீலோ பேக்கிங்கோ எது பலவீனமோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். ஐடிலில் அந்தச் சின்னத் துளை போதும், லோடில் போதாது. புது சீல்கள் மூன்று நாள் தாங்கிவிட்டு நனைந்ததும் இதனால்தான். ஆகவே வேறு எதில் கை வைப்பதற்கும் முன்னால் பிரீதரைக் கழற்றி டீசலில் ஊறவைத்துக் கழுவுங்கள், ஐந்து பைசா செலவில்லை. கழற்றியபிறகும் மூடி துள்ளி, வாயிலிருந்து புகை குப்குப்பென்று வந்தால் ரிங், லைனர் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், அது என்ஜினைப் பிரித்துச் சிலிண்டரைச் சரிசெய்கிற போர் வேலை, எத்தனை சீல் போட்டாலும் அடங்காது.

இன்னொன்று, சொட்டுவது எந்த ஆயில் என்று விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். டீசல் என்ஜின் ஆயில் கறுப்பாக இருக்கும், கியர் ஆயிலில் கந்தக வாடை அடிக்கும். கியர் ஆயிலாக இருந்தால் அது கியர் பாக்ஸ் முன் சீல், என்ஜினுக்குச் சம்பந்தமே இல்லை. ஆயில் அளவையும் சமதரையில் நிறுத்திப் பாருங்கள், ஒழுகுகிறதே என்று மேல்கோட்டுக்கு மேலே ஊற்றிவைக்கிற பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு, அதுவே ஒழுகலைக் கூட்டும்.

பிரீதரைச் சுத்தம் செய்து, டேப்பெட் கவருக்குப் புது பேக்கிங் போட்டதும் இரண்டு லிட்டர் அரை லிட்டராகக் குறைந்தது. மீதி உண்மையிலேயே பின் சீலில் இருந்துதான் வந்தது. எப்படியும் ஆயில் குடித்த கிளட்ச் பிளேட்டை மாற்ற வேண்டியிருந்ததால் (பெட்ரோலில் கழுவி மறுபடி போடாதீர்கள், சூடானதும் உள்ளே ஊறியது வெளியே வரும்) அந்தச் சாக்கில் ஒரே தடவையாக இறக்கினோம். பெரியவர் சீலைத் தொடவே இல்லை, கிராங்கில் சீல் உதடு உட்காரும் வட்டத்தைத் துடைத்துவிட்டு நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். மெல்லிய பள்ளம், நகம் தடுக்கியது. இத்தனை வருஷம் ஒரே இடத்தில் உரசி உரசி விழுந்த கோடு. அதே பள்ளத்தில் எத்தனை புது சீல் வைத்தாலும் ஒழுகத்தான் செய்யும், இதை முதல் இரண்டு தரமும் யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

இதற்கு இரண்டு வழி. இடம் இருந்தால் சீலை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைத்து, உதடு தேயாத இடத்தில் படும்படி செய்யலாம், என் வண்டிக்கு அப்படித்தான் செய்தார். இடமில்லை என்றால் பள்ளத்தின் மேல் மாட்டுகிற மெல்லிய ஸ்டீல் வளையம் கிடைக்கிறது, தடிமன் கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான், அதனால் சீல் அளவு மாறாது. சீலின் ஸ்பிரிங் தெரிகிற பக்கம் ஆயில் இருக்கும் பக்கமாக, அதாவது உள்பக்கமாக, இருக்க வேண்டும். ரப்பர் உதடு என்றால் கொஞ்சம் ஆயில் தடவுங்கள், வெள்ளை டெஃப்லான் உதடு என்றால் தடவக் கூடாது, காய்ந்தபடியே போட வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஒரு மூலையில் தட்டினால் சீல் கோணிவிடும், சீல் அளவுக்குப் பொருந்துகிற பழைய பேரிங் வளையத்தை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். சில என்ஜின்களில் ஃப்ளைவீல் போல்ட் ஓட்டை கிராங்கைத் துளைத்து உள்ளே வரை போகும், அதில் மரை வழியாகவும் ஆயில் வரும், அப்படியிருந்தால் போல்ட் மரையில் பேஸ்ட் தடவித்தான் முறுக்க வேண்டும்.

பேஸ்ட் என்றதும் ஒரு எச்சரிக்கை. சம்ப் பேக்கிங்குக்குச் சிலிகான் பேஸ்ட்டை அள்ளி அப்பாதீர்கள், உள்பக்கம் பிதுங்கியது உதிர்ந்து ஆயில் பம்ப் சல்லடையை அடைத்தால் பேரிங்கே போய்விடும். மெல்லிய கோடாகப் போட்டு, ஒருநாள் காயவிட்டு அப்புறம் ஆயில் ஊற்றுங்கள். தகரச் சம்ப் என்றால் முன்பு இறுக்கி இறுக்கிப் போல்ட் ஓட்டைகள் மேலே எழும்பியிருக்கும், தட்டி மட்டம் செய்யாமல் எந்தப் பேக்கிங்கும் நிற்காது.

கசிவை நிறுத்தும் மருந்து என்று விற்கிற டப்பாக்கள் விறைத்துப்போன ரப்பரைக் கொஞ்சம் ஊதவைக்கும், அவ்வளவுதான், கிராங்கில் விழுந்த பள்ளத்தை அது என்ன செய்யும்? எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி (தகுதிச் சான்று) காட்டியாக வேண்டும், அன்றைக்கு மட்டும் துடைத்துவிட்டுக் கொண்டுபோகலாம் என்று யோசிக்காதீர்கள். சூடான எக்ஸாஸ்ட் மேல் ஆயில் வழிந்தால் தீப்பிடிக்கும், கேபினில் படுத்துத் தூங்குவது நாமும் நம் பையனும்தான்.

போன நடையில் நான் ஊற்றியது கால் லிட்டர். சம்ப் முன்மூலையில் கொஞ்சம் ஈரம் இருக்கிறது, அடுத்த ஆயில் மாற்றும்போது பார்த்துக்கொள்வேன். நீங்கள் கழுவிப் பவுடர் போட்டுப் பார்த்துவிட்டு, ஈரத்தின் உச்சி எங்கே இருந்தது, பிரீதரோடும் பிரீதர் இல்லாமலும் மூடி என்ன செய்தது என்று இந்த இரண்டை மட்டும் எழுதுங்கள், அதை வைத்து மேற்கொண்டு சொல்கிறேன்.