வாசகர் கேள்வி பதில்: பாலிஷ் போட்ட துணி எங்க போச்சு?

கேள்வி: நாங்க சென்னையில இருக்கோம், கோட்டையூர் வீட்ல ஆத்தா மட்டும் தனியா. தை மாசம் தம்பி கல்யாணம், அதுக்குள்ள கதவு நிலை எல்லாம் பாலிஷ் போடணும், முற்றத்துக் கம்பிக்கு வெல்டிங் வேலை இருக்கு, ரெண்டு ரூம்ல ஏசி மாட்டணும். உள்ளூர் ஆளை வைக்கவா, வெளியூர்லேர்ந்து கூப்பிடவா? வீடு பூரா தேக்கு, தீன்னு நினைச்சாலே பயமா இருக்கு. – வாசகி, கோட்டையூர்

பதில்: ஆச்சி, உள்ளூர் ஆளையே வைங்க. நம்ம பக்கத்து ஆசாரிக்கும் கொத்தனாருக்கும் தான் இந்த வீடுங்களோட கை தெரியும், சுண்ணாம்புச் சுவர்ல எங்க ஆணி அடிக்கலாம் எங்க கூடாதுன்னு அவங்களுக்குச் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல, அதோட நாளைக்கு ஒரு குறைன்னா நடந்தே வந்துருவாரு. ஆனா தெரிஞ்சவருங்கிற ஒரே காரணத்துக்காக வைக்காதீங்க. கடைசியா அவர் வேலை பாத்த வீட்டுக்குப் போய் அந்த வீட்டு ஆச்சிகிட்ட ரெண்டு விஷயம் கேளுங்க, சாயங்காலம் போகும்போது இடத்தைச் சுத்தம் பண்ணிட்டுப் போனாரா, அப்புறம் கூப்பிட்டப்ப வந்தாரா. அது போதும். என்ன வேலை, சாமான் யாரு வாங்குறது, பணம் எத்தனை தவணைன்னு ஒரு தாள்ல எழுதி ரெண்டு பேரும் வச்சுக்கங்க. முழுப் பணத்தையும் முன்னாடியே குடுக்காதீங்க. பாலிஷ் போட வந்தவரு "ப்ளக் பாயிண்டையும் நானே பாத்துர்றேன்"னு சொன்னா மட்டும் வேணாம்னுருங்க, கரண்ட் வேலைக்கு வயர்மேன் சான்றிதழ் உள்ள ஆளு தான் வேணும்.

இப்ப பாலிஷுக்கு வர்றேன், ஏன்னா இது நிறைய பேருக்குத் தெரியல. தேக்குக் கதவுக்கு லின்சீட் ஆயில், அதான் ஆளிவிதை எண்ணெய், தடவுவாங்க. அந்த எண்ணெய் தண்ணி மாதிரி ஆவியாகிக் காயறதில்ல, காத்துல இருக்கிற ஆக்சிஜனோட சேந்து தான் காயும், அப்படிக் காயும்போது சூடு வரும். கதவு மேல தடவுனா அந்தச் சூடு காத்தோட போயிரும். ஆனா தடவுன பழந்துணியைச் சுருட்டி ஒரு மூலையில குவிச்சு வச்சா உள்ள இருக்கிற சூடு வெளிய போக வழியில்லாம ஏறிக்கிட்டே போய், யாரும் தீக்குச்சி கிழிக்காமயே சில மணி நேரம் கழிச்சு தானா பத்திக்கும், அதாவது ஆசாரி சைக்கிள் எடுத்துட்டு வீட்டுக்குப் போன பிறகு, ஆத்தா தூங்குற நேரத்துல. அதனால அந்தத் துணியை ஒவ்வொண்ணா விரிச்சு, வெளிய காத்தாடக் கொடியில தனித்தனியாப் போடச் சொல்லுங்க, இல்லன்னா தண்ணி ஊத்துன தகர டின்ல முக்கி மூடி போட்டு வாசல்ல வைக்கச் சொல்லுங்க. குப்பைத்தொட்டி வேணாம், படிக்கட்டுக்குக் கீழ வேணாம். தினமும் சாயங்காலம் "துணி எங்க?"ன்னு ஆத்தா ஒரு வார்த்தை கேட்டா போதும். தின்னர், ஸ்பிரிட் டப்பாவும் ராத்திரி வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது. பாலிஷ் நடக்கிற பக்கம் சாமி விளக்கு, பீடி எதுவும் வேணாம், அந்த வாடை இருக்கிற வரைக்கும் அது தீப்பிடிக்கிற காத்து தான்.

வெல்டிங் பத்தி என் வீட்டுக் கதையே சொல்றேன். எங்க முற்றத்துக் கம்பிக்கு வெல்டர் வந்தாரு, நல்ல தொழில்காரர், வேலையில ஒரு குறை சொல்ல முடியாது. ஒரு மணிக்கு முடிச்சுட்டுச் சாப்பிடப் போயிட்டாரு, நாங்களும் சாப்பிட உக்காந்தோம். ரெண்டாங்கட்டுல பழைய சாக்கு அடுக்கி வச்சிருந்தோம், அதுக்குள்ள ஒரு பொறி போய் உக்காந்திருக்கு, எங்களுக்கு யாருக்கும் தெரியல, ரெண்டு மணிக்கு மேல அப்பத்தா தான் "ஏதோ கருகுற வாடை வருதே"ன்னு எந்திரிச்சுப் போனாங்க. நாலு வாளித் தண்ணியில அணைஞ்சுது. தூண் அடியில அந்தக் கருப்பு இன்னிக்கும் இருக்கு, அதைப் பாக்கும்போதெல்லாம் அப்பத்தா அன்னிக்குத் தூங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்னு தான் மனசு போகும். வெல்டிங் பொறி பத்தடிக்கு மேல தெறிச்சு ஓடும். அதனால சுத்தியிருக்கிற பாய், சாக்கு, திரைச்சீலை எல்லாத்தையும் முதல்லயே தூக்கிருங்க, தூக்க முடியாத மரத்து மேல ஈரச்சாக்கு போடுங்க, வாளித் தண்ணி பக்கத்துல இருக்கட்டும், வேலை முடிஞ்சு ஒரு மணி நேரம் யாராவது ஒரு ஆளு அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. அந்த ஒரு மணி நேரத்துக்கும் சேத்தே கூலி பேசிருங்க, தப்பில்ல.

ஏசிக்குப் பழைய ஒயர்ல இருந்து இழுக்க விடாதீங்க. நம்ம வீடுங்கள்ல மரப்பட்டையில கிளிப்பு அடிச்ச ரப்பர் ஒயர் இன்னும் இருக்கு, அந்த ரப்பர் காஞ்சு தொட்டாலே உதிருது, பின்னாடி இருக்கிறதோ மரம். ஏசிக்கு மெயின் போர்டுல இருந்து தனி லைன், 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர், தனி எம்சிபி, அதான் கரண்ட் அளவுக்கு மேல போனா தானா அணையுற ஸ்விட்ச். 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி ஒண்ணும் போடச் சொல்லுங்க, கரண்ட் கசிஞ்சா சட்டுனு நிறுத்திரும். ஐஎஸ்ஐ முத்திரை பாத்து ஒயரை நீங்களே வாங்கிக் குடுங்க.

இன்னொண்ணு, ஆத்தாவுக்காக. நம்ம வீடு முன் தெருவுல ஆரம்பிச்சுப் பின் தெருவுல முடியும், பின்கதவைப் பூட்டிச் சாவியைப் பெட்டகத்துல வச்சிருப்பாங்க. தீன்னு வந்தா சாவி தேட நேரமிருக்காது, அது பின்கதவு பக்கத்துலயே ஆணியில தொங்கட்டும்.

கேள்வி: கீசர் போட்டா எம்சிபி அடிக்கடி ட்ரிப் ஆகுது. எலக்ட்ரீஷியன் 32 ஆம்ப் மாத்திட்டா சரியாயிரும்ங்கிறாரு. மாத்தலாமா? – வாசகர், தேவகோட்டை

பதில்: மாத்தாதீங்க அண்ணே. எம்சிபி ஒயரைக் காப்பாத்தத் தான் இருக்கு. ஒயர் தாங்குறதை விடப் பெரிய எம்சிபி போட்டா ட்ரிப் ஆகாது, அதுக்குப் பதிலா சுவருக்குள்ள ஒயர் சூடாகும். அந்தக் காலத்துல ஃப்யூஸ் கட்டையில தடிச்ச செப்புக் கம்பி சுத்துவாங்களே, அதே தப்பு தான். கீசருக்குத் தனி லைன் போட்டாச்சா, ப்ளக் லூசா இருந்து கருகியிருக்கா, கீசர் காயில்ல கோளாறான்னு பாக்கச் சொல்லுங்க. அவர் பாக்க மாட்டேன்னா வேற ஆளைப் பாருங்க.

கேள்வி: வீட்டுக்கு எந்தத் தீயணைப்பான் வாங்கலாம்? – வாசகி, கானாடுகாத்தான்

பதில்: ஏபிசி பவுடர், அதாவது மரம் துணி, பெட்ரோல், கேஸ் மூணு வகைத் தீக்கும் ஆகுறது, 4 கிலோ. அடுப்புக்கு மேல மாட்டாதீங்க, தீக்குள்ள கை விட்டா எடுப்பீங்க, அடுப்படி வாசல் பக்கம் மாட்டுங்க. மாசம் ஒரு தடவை அதுல இருக்கிற மீட்டர் முள்ளு பச்சையில இருக்கான்னு பாருங்க. அடிக்கும்போது கொழுந்துல இல்ல, தீயோட அடியில அடிக்கணும், சில விநாடியில தீந்துரும். எண்ணெய்ச் சட்டி பத்திக்கிட்டா தண்ணி ஊத்தவே கூடாது, அடுப்பை அணைச்சுத் தட்டு போட்டு மூடுங்க. கைக்கு மீறினா முதல்ல எல்லாரும் வெளிய வந்துருங்க, அப்புறம் 101-க்கோ 112-க்கோ கூப்பிடுங்க. காரைக்குடியில இருந்து வண்டி வர நேரமாகும், யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்க.

கேள்வி: கேஸ் அடுப்பு சர்வீஸ்னு ரெண்டு பேர் வீடு வீடா வர்றாங்க. விடலாமா? – வாசகி, பள்ளத்தூர்

பதில்: விடாதீங்கம்மா. உங்க கேஸ் ஏஜென்சிக்குப் போன் பண்ணி அவங்க ஆளை வரச் சொல்லுங்க. ட்யூபை மட்டும் நீங்களே பாத்துக்கலாம், ஆரஞ்சு கலர் சுரக்‌ஷா ட்யூப் மேலயே தேதி அச்சடிச்சிருக்கும், 5 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். கசிவு பாக்கச் சோப்புத் தண்ணி தடவுங்க, தீக்குச்சி வேணவே வேணாம். வாடை வந்தா ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து விட்டு, ஸ்விட்சைப் போடவும் வேணாம் அணைக்கவும் வேணாம், வெளிய வந்து 1906-க்குக் கூப்பிடுங்க, ராத்திரியிலயும் எடுப்பாங்க.