"அவன் எங்க ஊர் பையன் இல்ல": பாகிஸ்தான் மீடியாவும் 26/11-ம், கேள்வி பதில்

26/11, அதான் 2008 மும்பை தாக்குதல், அத பத்தி பேசிட்டு இருந்தப்போ ஒருத்தர் "பாகிஸ்தான்ல ஒருத்தனாவது உண்மைய எழுதினானா"னு கேட்டார், நான் "எழுதினாங்களே, தைரியமா எழுதினாங்க"னு ஒரு வார்த்தை விட்டுட்டேன், அதுலேர்ந்து கேள்வி மேல கேள்வி. நான் பெரிய ஆராய்ச்சியாளன் எல்லாம் கிடையாது, நியூஸ் டெஸ்க்ல நைட் ஷிப்ட் பார்த்த காலத்துலேர்ந்து பாகிஸ்தானோட டான்ங்கற இங்கிலீஷ் பேப்பர தினமும் மேய்ற பழக்கம், அவ்ளோதான். தெரிஞ்சத சொல்றேன்.

மாடக்குளம் முருகன்: அண்ணே, கசாப் எங்க ஆளே இல்லனு அவங்க கவர்மென்ட் சாதிச்சுச்சே, மீடியா என்ன பண்ணுச்சு?

மீடியாதான் முருகா அந்த பொய்ய உடைச்சதே. கசாப்தான் அந்த தாக்குதல்ல உயிரோட பிடிபட்ட ஒரே ஆளு. மும்பை போலீஸ் "ஃபரீத்கோட் ஊர்க்காரன்"னு சொன்னப்போ, அந்த பேர்ல அங்க பல ஊர் இருக்கு, அதனால மறுக்கிறது ஈஸி. அதிபர் சர்தாரி டிவி பேட்டில அவன் பாகிஸ்தானிங்கறதே எனக்கு சந்தேகம்னு சொல்லிட்டார். பிரிட்டிஷ் பேப்பருக்கு எழுதுற ஒரு நிருபர் என்ன பண்ணார்னா, ஊர் ஊரா அலைஞ்சு, கடைசில ஒகாரா மாவட்டத்துல தெபால்பூர் பக்கத்து ஃபரீத்கோட் வாக்காளர் லிஸ்ட்ட எடுத்து, அதுல கசாபோட அப்பா அம்மா பேர தேடி கண்டுபிடிச்சார். பாருங்க, பெரிய உளவு வேலை எல்லாம் இல்ல, வோட்டர் லிஸ்ட்தான்.

அடுத்த சில நாள்லயே, 2008 டிசம்பர்ல, டான் நிருபர் நேரா அந்த வீட்டு முற்றத்துல போய் நின்னார். ஒரு ஓரமா பக்கோடா விக்கிற தள்ளுவண்டி நிக்குது, அதான் அந்த குடும்பத்துக்கு சோறு. முதல் ரெண்டு நாள் இது என் புள்ளையா இருக்காதுனு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், இப்போ ஒத்துக்கிட்டேன், பேப்பர்ல வந்த போட்டோல இருக்கறது என் பையன்தான்னு அப்பாவே சொல்லிட்டார். நாலு வருஷம் முன்னாடி பெருநாளுக்கு புது துணி கேட்டிருக்கான், இவரால வாங்கித் தர முடியல, கோவிச்சுக்கிட்டு போனவன் போனவன்தானாம்.

சொந்த நாட்டு கவர்மென்ட் இல்லவே இல்லனு சொல்லிட்டு இருக்கப்போ, அதே நாட்டு பேப்பர்ல இது அச்சாச்சு. கவர்மென்ட் ஒத்துக்க ஜனவரி 7 ஆச்சு, அன்னைக்கு வாயத் திறந்து "ஆமா, பாகிஸ்தானிதான்"னு சொன்ன தேசிய பாதுகாப்பு ஆலோசகர் துர்ரானிய அன்னைக்கே வேலைய விட்டு தூக்கிட்டாங்க. உண்மை சொன்னதுக்கு சம்பளம்!

வித்யா, திருச்சி: சார், கவர்மென்ட் மறைக்கிறது புரியுது. சாதாரண ஜனங்க ஏன் மறுக்கணும்? அவங்களுக்கு என்ன லாபம்?

லாபம் இல்லம்மா, அது வலிக்கு மருந்து மாதிரி. அந்த அப்பாவ எடுத்துக்கோங்க, ரெண்டு நாள்ல அந்த மறுப்புலேர்ந்து வெளிய வந்துட்டார், போட்டோவ பார்த்ததுக்கு அப்புறம் அவருக்கு தப்பிக்க வழி இல்ல. ஆனா ஒரு சமூகத்துக்கு அந்த கட்டாயம் கிடையாது, வருஷக்கணக்கா ஒளிஞ்சுக்கலாம். எங்க பையன்தான்னு ஒத்துக்கிட்டா அடுத்த கேள்வி வரும் பாருங்க, யாரு அவன கூட்டிட்டு போனா, நம்ம கடைத்தெரு உண்டியல்ல ஜிஹாதுக்குனு நாம போட்ட காசு எங்க போச்சு, அப்படினு. அதுக்கு பதில் சொல்றதவிட "இது வெளிநாட்டு சதி"னு சொல்றது எவ்ளோ சுலபம். ஒரு டிவி பேச்சாளர் கசாப இந்தியாக்காரன்னு சொல்லி அமர் சிங்னு பேரே வச்சுட்டார், அதையும் நம்பினாங்க.

2009-ல ஸ்வாத் பள்ளத்தாக்குல ஒரு பொண்ண தரையில குப்புற அமுக்கி தாலிபான் சவுக்கால அடிச்ச வீடியோ டிவில ஓடுச்சு. அடிச்சவன பத்தி பேசாம "வீடியோ போலி"னு ஒரு கூட்டம் கிளம்பிடுச்சு. 2012 அக்டோபர்ல, பொண்ணுங்க படிக்கணும்னு பேசின மலாலாவ தாலிபான் சுட்டப்போ முதல் கொஞ்ச நாள் நாடே அழுதுச்சு, அப்புறம் மெல்ல "இது நாடகம், அவ அமெரிக்கா ஆளு"னு ஆரம்பிச்சாங்க. இதுல ஒரு கூத்து கேளுங்க, அடுத்த வருஷம் டான் வெப்சைட்ல ஒருத்தர் நையாண்டியா ஒரு கட்டுரை போட்டார், மலாலா ஹங்கேரில பிறந்தவ, உண்மை பேரு ஜேன், காது அழுக்குல டிஎன்ஏ எடுத்து டாக்டர் கண்டுபிடிச்சார்னு. கிண்டல்னு தெரியாம அதையே ஆதாரம்னு ஷேர் பண்ணினாங்க!! எழுதினவரே தலையில கை வச்சிருப்பார்.

கோவை ரஃபீக்: பாய், ஒண்ணு கேக்கறேன் கோச்சுக்காதீங்க. அமெரிக்கா அங்க சதியே பண்ணலையா? ஜனங்க சந்தேகப்படுறதுல நியாயம் இல்லையா?

கோபமே இல்ல பாய், இதான் சரியான கேள்வி. பண்ணுச்சு, நிறையவே. பின்லேடன தேட அபோட்டாபாத்துல சிஐஏ ஒரு டாக்டர வச்சு தடுப்பூசி முகாம் நடத்துச்சே, அது தெரிய வந்ததும் போலியோ சொட்டு மருந்து குடுக்கப் போனவங்க உயிருக்கே ஆபத்தாச்சு. வதந்தி உண்மையாகிட்டா அப்புறம் எல்லா வதந்தியும் உண்மை மாதிரிதான் தெரியும்.

இன்னொரு கதையும் இருக்கு. ஹயாத்துல்லா கான்னு ஒரு நிருபர், ஆப்கன் எல்லை ஓரம் வடக்கு வஜிரிஸ்தான்காரர். 2005 டிசம்பர்ல மிர் அலி பக்கம் ஒரு அல்கொய்தா தலைவன் செத்தான். கவர்மென்ட் என்ன சொல்லுச்சு, வீட்டுல குண்டு தயாரிக்கறப்போ அதுவே வெடிச்சிடுச்சுனு. இவர் இடிஞ்ச வீட்டுக்கு போய் சிதறிக் கிடந்த துண்டுகள போட்டோ எடுத்தார், அமெரிக்கா ஏவுகணையோட பாகம். போட்டோ வெளிய வந்த கையோட அவர தூக்கிட்டு போனாங்க, ஆறு மாசம் கழிச்சு பிணமாதான் கிடைச்சார். அடுத்த வருஷம் அவர் மனைவியையும் குண்டு வச்சு கொன்னுட்டாங்க. அதாவது சதி இருக்குன்னு ஆதாரத்தோட சொன்னவர கொல்றாங்க, ஸ்டுடியோல ஏசில உக்காந்து ஆதாரமே இல்லாம சதி சதினு கத்துறவர் ஸ்டார் ஆகிடுறார். எனக்கு வயிறு எரியறது இதுலதான்.

செல்வி: அண்ணா, அங்க நிருபர்களுக்கு பயம் தாலிபான்கிட்டயா, ராணுவத்துக்கிட்டயா?

ரெண்டு பக்கமும்தான் தங்கச்சி, மத்தளம் மாதிரி. 2014 ஜனவரில கராச்சில எக்ஸ்பிரஸ் டிவி வேன்ல இருந்த மூணு பேர சுட்டுக் கொன்னாங்க, அதுல ஒருத்தர் கூட நிருபர் இல்ல, டெக்னீஷியன், டிரைவர், செக்யூரிட்டி. கொன்ன கையோட தாலிபான் ஆளு அதே சேனலுக்கு போன் போட்டு லைவ்ல "நாங்கதான் பண்ணோம்"னு பேசறான், ஆங்கர் அவன்கிட்ட நிதானமா பேச வேண்டிய நிலைமை. ஏப்ரல்ல டிவி ஆங்கர் ஹமீத் மிர் மேல கராச்சில ஆறு குண்டு, பொழச்சுட்டார். அவரோட ஜியோ டிவி, அந்த நாட்டு உளவு அமைப்பு ஐஎஸ்ஐ-யோட தலைவர் போட்டோவ போட்டு இவர்தான் காரணம்னு சொன்னதுக்கு லைசென்ஸ் 15 நாள் சஸ்பெண்ட், ஒரு கோடி ரூபா அபராதம். சலீம் ஷஹ்சாத்னு ஒரு நிருபர், 2011 மே மாசம் கராச்சி கடற்படை தளத்துல நடந்த தாக்குதல பத்தி, உள்ளயே அல்கொய்தா ஆளுங்க இருக்காங்கனு எழுதினார், ரெண்டு நாள்ல காணோம், அப்புறம் கால்வாய்ல பிணம். விசாரணை கமிஷன் போட்டாங்க, கொன்னது யாருனு சொல்ல முடியலனு ரிப்போர்ட் முடிஞ்சுது.

நெல்லை பாபு: அப்புறமாவது 26/11-ஐ அங்க முழுசா ஒத்துக்கிட்டாங்களா?

துண்டு துண்டா. 2015-ல அந்த நாட்டு மத்திய புலனாய்வு அமைப்பு எஃப்ஐஏ-வோட முன்னாள் தலைவர் தாரிக் கோசா டான்ல எழுதினார், கசாப் பாகிஸ்தானி, பயிற்சி நடந்தது சிந்துல தட்டா பக்கம், அவங்க வந்த ரப்பர் படகு இன்ஜின் நம்பர வச்சு ஜப்பான்லேர்ந்து லாகூர் வந்து கராச்சி கடைக்கு போனது வரைக்கும் பிடிச்சோம்னு. 2018 மே மாசம் முன்னாள் பிரதமர் நவாஸ் ஷெரீஃப் டான் நிருபர் சிரில் அல்மெய்டாகிட்ட, தீவிரவாதிங்கள பார்டர் தாண்டிப் போய் மும்பைல 150 பேர கொல்ல விடலாமானு கேட்டார். அதுக்கு அப்புறம் பல ஊர்ல டான் பேப்பர் விநியோகத்தையே தடுத்தாங்க.

ஜீவா: அங்க மட்டும்தானா சார்? நம்ம டிவிங்க யோக்கியமா?

இல்ல. 26/11 அப்போ நம்ம கமாண்டோ மாடில இறங்கறத லைவ்ல காட்டினோம், பாகிஸ்தான்ல உக்காந்து டிவி பார்த்தவன் உள்ள இருக்கற தீவிரவாதிக்கு போன்ல சொல்லிட்டு இருந்தான். 2012-ல கசாப் தீர்ப்புலயே சுப்ரீம் கோர்ட் சேனல்கள வெளுத்து வாங்குச்சு. அவங்க சொல்ல வேண்டியத மறைச்சாங்க, நாம காட்டக் கூடாதத காட்டினோம்.

மாடக்குளம் முருகன்: அண்ணே கடைசியா ஒண்ணு, அந்த பக்கோடா வண்டிக்காரர் என்ன ஆனார்?

அந்த பேட்டிக்கு அப்புறம் அவர யாரும் பார்க்க முடியல முருகா. ஊரையே சுத்தி வளைச்சுட்டாங்க, அடுத்து போன நிருபர்கள யூனிஃபார்ம் இல்லாத ஆளுங்க மறிச்சு திருப்பி அனுப்பினாங்க. 2012 நவம்பர்ல கசாப தூக்குல போட்டப்போ திரும்ப மைக்க தூக்கிட்டு போனவங்கள ஊர்க்காரங்க பேச விடல, கோவமா விரட்டினாங்க.