ஸ்டார் ட்ரெக் சிறுகதைத் தொகுப்புகள்: டிவியில் வந்த கதைகள்தானா?

அமெரிக்க விண்வெளி டிவி தொடரான ஸ்டார் ட்ரெக்கின் சிறுகதைத் தொகுப்புகள் டிவியில் வந்ததையே திரும்பச் சொல்கின்றனவா என்று கேட்டிருக்கிறீர்கள். தொடக்கத்தில் அப்படித்தான். எழுத்தாளர் ஜேம்ஸ் பிளிஷ் 1967 முதல் டிவி தொடரின் அத்தியாயங்களைச் சிறுகதைகளாக்கினார். மொத்தம் 12 தொகுதிகள். அவர் மறைவுக்குப் பின் கடைசித் தொகுதியை முடித்தவர் அவர் மனைவி. திரைக்கதையின் முந்தைய பிரதிகளை வைத்து எழுதியதால், சில கதைகள் திரையில் பார்த்ததிலிருந்து விலகி நிற்கும். வீடியோ கேசட் வீடுகளுக்கு வராத காலத்தில், நினைத்தபோது எடுத்து அனுபவிக்க ரசிகர்களுக்கு இவைதான் இருந்தன.

என் மனதுக்கு நெருக்கமானது 1976-இல் வந்த 'தி நியூ வாயேஜஸ்'. ரசிகர்கள் தாங்களே அச்சிட்டுப் பகிர்ந்துகொண்ட சிற்றிதழ்களின் கதைகள் அதில் புத்தகமாயின. ரூத் பெர்மனின் கதையைப் பாருங்கள்: தொடரின் நடிகர்கள் ஷாட்னர், நிமாய், கெல்லி மூவரும் கதையில் வரும் எண்டர்பிரைஸ் விண்கப்பலிலேயே நிஜமாகப் போய் இறங்கிவிடுகிறார்கள். தாங்கள் ஏற்ற பாத்திரங்களான கர்க், ஸ்பாக், மெக்காயாகவே நடித்துச் சமாளிக்க வேண்டும்! தொடரை உயிராக நேசித்தவருக்குத்தான் இப்படியொரு கற்பனை வரும்.

அடுத்து 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்'. புதிய எழுத்தாளர்களுக்கென்றே போட்டி வைத்து, 1998 முதல் 2007 வரை பாக்கெட் புக்ஸ் 10 தொகுதிகள் வெளியிட்டது. டேட்டன் வார்டின் கதைகள் முதல் மூன்றிலும் தேர்வாயின. அதோடு அவர் தொழில்முறை எழுத்தாளர் ஆகிவிட்டதால், விதிப்படி மேற்கொண்டு போட்டியிட முடியவில்லை. 2002-இல் அவருடைய முழு நாவலே வெளிவந்தது.

தொடரை ஏற்கெனவே பார்த்திருந்தால், பிளிஷைத் தள்ளிவைத்து 1976 தொகுப்பிலிருந்தே தொடங்குங்கள்.