டிஃபென்ஸ் ஸ்டடீஸ் படித்தால் ராணுவ அதிகாரி ஆகலாமா?

கணியம்பாடி பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற அவில்தார் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் வரலாறு, பொருளியல் அடங்கிய பிரிவில் பிளஸ் டூவைத் தமிழ் வழியில் முடித்திருக்கிறார். வேலூரிலேயே ஒரு பட்டம் படிக்கட்டும் என்பது குடும்பத்தின் எண்ணம். மகளோ சென்னைக்குப் போய் டிஃபென்ஸ் ஸ்டடீஸ் எனப்படும் பாதுகாப்பு ஆய்வியல் படித்து ராணுவ அதிகாரி ஆவேன் என்கிறார். அந்தப் பட்டத்துக்குப் படையில் முன்னுரிமை உண்டா, இல்லையென்றால் அதைப் படிப்பதால் என்ன பயன், அதற்காக விடுதிச் செலவைச் சுமக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

ஐயா, முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது: முன்னுரிமை எதுவும் இல்லை. பட்டதாரிகள் தரைப்படை அதிகாரி ஆவதற்கான முக்கிய வழி, மத்தியத் தேர்வாணையமான யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்தும் சி.டி.எஸ். என்ற ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிகள் தேர்வாகும். அதில் பெண்கள் விண்ணப்பிக்கக்கூடிய சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு ஏதேனும் ஒரு பட்டம் இருந்தால் போதும். தமிழ் இலக்கியம் படித்தவரும் தாவரவியல் படித்தவரும் பாதுகாப்பு ஆய்வியல் படித்தவரும் அங்கே ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். அந்த அகாடமிக்கான எழுத்துத் தேர்வில் ஆங்கிலம், பொதுஅறிவு என 100 மதிப்பெண் வீதம் இரண்டு தாள்கள் மட்டுமே உண்டு. கணிதத் தாள் கிடையாது என்பது கலைப் பிரிவு மாணவியருக்கு ஆறுதலான செய்தி. அதன்பின் ஐந்து நாள் நடக்கும் எஸ்.எஸ்.பி. (படைப் பணித் தேர்வு வாரியம்) நேர்காணலில் பார்க்கப்படுவது பட்டத்தின் பெயரன்று; சிந்தனையின் தெளிவு, குழுவோடு இயங்கும் தன்மை, நெருக்கடியில் முடிவெடுக்கும் பாங்கு ஆகியவையே.

புனேக்கு அருகிலுள்ள கடக்வாஸ்லா தேசியப் பாதுகாப்பு அகாடமியும் 2022 முதல் பெண்களைச் சேர்த்துக்கொள்கிறது. தரைப்படைப் பிரிவுக்கு எந்தப் பாடப்பிரிவில் பிளஸ் டூ முடித்தவரும் விண்ணப்பிக்கலாம் என்றாலும், எழுத்துத் தேர்வின் 900 மதிப்பெண்ணில் 300 கணிதத்துக்கு உரியது. கணிதம் படிக்காத ஒருவர் பத்தொன்பதரை வயதுக்குள் அதைக் கற்றுத் தேறுவது அரிது. உங்கள் மகளுக்கு அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்படியானால் இந்தப் பட்டம் எதற்கு? இதில் துப்பாக்கியும் அணிவகுப்பும் கற்றுத்தரப்படுவதில்லை. ஒரு நாடு எதை அச்சுறுத்தலாகக் கருதுகிறது, அதை எதிர்கொள்ளப் பணத்தையும் ஆளையும் எப்படிப் பங்கிடுகிறது, அந்த முடிவுகளை யார் எடுக்கிறார்கள், எங்கே தவறுகிறார்கள் என்பதை ஆராயும் பாடம் இது. போர் வரலாறு, புவியரசியல், பன்னாட்டு உறவுகள், உள்நாட்டுப் பாதுகாப்பு, கடல்சார் பாதுகாப்பு, பாதுகாப்புப் பொருளியல், அணு ஆயுதக் கொள்கை, பேரிடர் மேலாண்மை என்று மூன்று ஆண்டுகளில் பரந்து செல்லும். நீலகிரி வெலிங்டனில் உள்ள பாதுகாப்புப் படைப் பணியாளர் கல்லூரியில் பயிலும் இடைநிலை அதிகாரிகளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் இதே துறையில் முதுநிலைப் பட்டம் வழங்குகிறது. அதாவது, சில ஆண்டுகள் பணியாற்றிய அதிகாரிகளை அமர்த்திப் படிக்கவைக்கும் பாடத்தை உங்கள் மகள் பதினெட்டு வயதில் தொடங்க விரும்புகிறார்.

இப்பாடம் எப்படிச் சிந்திக்கக் கற்பிக்கிறது என்பதை உங்கள் மாவட்டத்தை வைத்தே விளக்கிவிடலாம். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த கதையை நம் பிள்ளைகள் அனைவரும் பள்ளியில் படித்திருப்பார்கள்: புதிய தலைப்பாகை, நெற்றிக்குறிக்குத் தடை, தாடி மழிக்க ஆணை, கோட்டைக்குள் காவலில் இருந்த திப்புவின் பிள்ளைகள். பள்ளிப் பாடம் அநேகமாக அங்கேயே நின்றுவிடும். பாதுகாப்பு ஆய்வியல் மாணவியோ, அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே முஸ்தபா பேக் என்ற சிப்பாய் சதியைப் பற்றித் தன் வெள்ளை அதிகாரியிடம் எச்சரித்தாரே, அது ஏன் வீணாயிற்று என்று கேட்பார். அந்தப் புகாரை விசாரிக்கும் பொறுப்பு இந்திய அதிகாரிகளிடமே ஒப்படைக்கப்பட்டது. அவர்களிலேயே சிலருக்குச் சதியில் பங்கு இருந்தது. அவர்கள் முஸ்தபா பேக்குக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று அறிக்கை கொடுக்க, எச்சரித்தவர் காவலில் வைக்கப்பட்டார். தகவல் வந்து சேர்வது வேறு, வந்த தகவலைச் சார்பில்லாத ஒருவர் எடைபோடுவது வேறு என்பது இத்துறையின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்று. 1999 கார்கில் போருக்குப்பின் கே. சுப்பிரமணியம் தலைமையில் அமைந்த ஆய்வுக் குழுவும், உளவுத் தகவல்கள் எப்படித் திரட்டப்பட்டன, எப்படி மதிப்பிடப்பட்டன என்பதை விரிவாக ஆராய வேண்டியிருந்தது. அந்தச் சுப்பிரமணியம் திருச்சியில் பிறந்தவர். சீருடை அணியாத குடிமைப் பணி அதிகாரியாக இருந்தே இந்தியப் பாதுகாப்புச் சிந்தனையில் பெரும் செல்வாக்குப் பெற்றவர்.

கோட்டைச் சம்பவத்தில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. விடிவதற்கு முன்னரே கோட்டையின் பெரும்பகுதியைப் பிடித்தவர்கள் அன்று காலையே அதை இழந்தது எப்படி? ஆற்காட்டில் குதிரைப்படை தங்கியிருந்தது. செய்தி கிடைத்த உடனே கர்னல் கில்லெஸ்பி அதனுடன் விரைந்து வந்தார். அந்தத் தொலைவைக் குதிரைகள் இரண்டு மூன்று மணி நேரத்தில் கடந்துவிடும். கோட்டையைப் பிடித்தவர்கள் வாயிலை உறுதியாகக் காக்கவும் இல்லை, வெளியிலிருந்து உதவி வரும் வழியை அடைக்கவும் இல்லை. சிப்பாய்களின் மனக்குறை நியாயமானதா என்பது வரலாற்றுக் கேள்வி. அவர்களின் திட்டம் ஏன் அரை நாள்கூட நிற்கவில்லை என்பது போர்த்திறன் கேள்வி. இரண்டையும் கலக்காமல் கேட்கப் பழகுவதற்கே மூன்று ஆண்டுகள் வேண்டியிருக்கும்.

பழைய வடாற்காட்டில் இத்தகைய இடங்களுக்குக் குறைவில்லை. 949இல் தக்கோலத்தில் நடந்த போரில் இராஜாதித்த சோழன் யானைமேல் இருந்தபடியே வீழ்ந்தான். 1751இல் ஆற்காடு முற்றுகை. 1760இல் வந்தவாசிப் போர். அதே தக்கோலத்தில் இன்று மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம் இருக்கிறது. 2025இல் அதற்கு இராஜாதித்த சோழன் பெயரையே சூட்டினார்கள். பக்கத்தில் அரக்கோணத்தில், கடலே கண்ணில் படாத இடத்தில், 1992 முதல் இயங்கும் ஐ.என்.எஸ். ராஜாளி என்ற கடற்படை விமானத் தளத்திலிருந்து பி-8ஐ (P-8I) என்ற கண்காணிப்பு விமானங்கள் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறக்கின்றன. நீண்ட தூரம் பறக்கும் விமானத்துக்குக் கரையோரத்தில் தளம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. கரையிலிருந்து தள்ளி இருப்பதில் பாதுகாப்பும் உண்டு.

பாதுகாப்புப் பொருளியலுக்கு உங்கள் வீட்டிலேயே சான்று இருக்கிறது. 2025–26 நிதியாண்டுக்கு மத்திய அரசு பாதுகாப்புக்கு ஒதுக்கியது சுமார் 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் சுமார் 1.61 லட்சம் கோடி ஓய்வூதியத்துக்கே போகிறது. நீங்கள் உழைத்துப் பெற்ற உரிமை அது. ஆனால் புதிய விமானத்துக்கும் கப்பலுக்கும் பணம் ஒதுக்க வேண்டிய அமைச்சகம் அந்தத் தொகையை எப்படிப் பார்க்கும், 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தின் நான்காண்டுப் பணிக்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பு உண்டா என்று மகள் உங்களிடமே வாதிடத் தொடங்கினால், அந்தப் படிப்பு அவருக்கு ஏற்றது என்று கொள்ளலாம். கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு படைவீரர் இருக்கும் ஊர்களைக் கொண்ட பகுதியில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தப் பேச்சு புதிதாகவும் இருக்காது.

இனிக் கடினமான பக்கம். முதலாவது மொழி. பாடநூல்களும் கட்டுரைகளும் ஏறக்குறைய முழுவதும் ஆங்கிலத்திலேயே உள்ளன. தமிழ் வழியில் படித்தவரால் முடியாது என்பதில்லை; முதல் ஆண்டில் நாள்தோறும் ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை அகராதியோடு படித்து, அதைத் தமிழில் பத்து வரியில் எழுதி, மறுநாள் அந்தப் பத்து வரியை ஆங்கிலத்தில் எழுதிப் பார்ப்பவர் இரண்டாம் ஆண்டில் தடுமாற மாட்டார். அதைச் செய்யச் சோம்புபவர் இந்தப் பட்டத்தை விட்டுவிடுவது நல்லது. சி.டி.எஸ். தேர்வுக்கும் அதே உழைப்புத்தான் துணை.

இரண்டாவது, மாற்று வழிகள் குறுகியவை. இப்பாடம் பள்ளிகளில் இல்லாததால், ‘எதுவும் அமையாவிட்டால் பி.எட். முடித்து ஆசிரியர் ஆகலாம்’ என்று நம் குடும்பங்கள் வைத்திருக்கும் கணக்கு இங்கே எடுபடாது. குடிமைப் பணித் தேர்வின் விருப்பப் பாடப் பட்டியலிலும் இது இல்லை. அரசியல் அறிவியலையோ வரலாற்றையோ தனியே எடுத்துப் படிக்க வேண்டும். கல்லூரி ஆசிரியப் பணிக்கான நெட் தேர்வில் இது ஒரு பாடமாக உண்டு, ஆனால் இத்துறை உள்ள கல்லூரிகளே சிலதான். ஆய்வு நிறுவனங்கள் பெரும்பாலும் டெல்லியில் இருக்கின்றன. முதுநிலைப் பட்டம் இல்லாமல் அங்கே நல்ல இடம் கிடைப்பது கடினம். இதழியல், பெருநிறுவனங்களின் பாதுகாப்பு மேலாண்மை ஆகியவை உண்டு என்றாலும் அவை பட்டத்தைவிடத் திறமையைப் பார்ப்பவை. எந்தப் பட்டதாரியும் எழுதக்கூடிய டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளும், எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை போன்றவற்றில் உதவி கமாண்டன்ட் ஆவதற்கான சி.ஏ.பி.எஃப். தேர்வும் இவருக்கும் திறந்திருக்கும். சி.ஏ.பி.எஃப். பொதுஅறிவுத் தாளில் பாதுகாப்பு குறித்த கேள்விகள் இவருக்கு எளிதாக இருக்கும். ஆனால் அதன் கட்டுரைப் பகுதியை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத வேண்டும்.

எங்கே படிப்பது? சென்னையில் வேளச்சேரி குருநானக் கல்லூரி இந்தத் துறைக்கு நன்கு அறியப்பட்டது. காட்பாடியிலிருந்து தினமும் ரயிலில் போய்வரலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வேளச்சேரிவரை அன்றாடம் போய்வருபவருக்குப் படிக்க நேரம் மிஞ்சாது. குஜராத்தில் காந்திநகர் அருகே, 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்துறை அமைச்சகத்தின்கீழ் அமைந்த ராஷ்டிரிய ரக்ஷா பல்கலைக்கழகமும் பாதுகாப்பு சார்ந்த படிப்புகளை நடத்துகிறது. புதுச்சேரியிலும் அதற்கு வளாகம் உண்டு. இவை தவிர, ‘ராணுவ வேலை உறுதி’ என்று பதாகை கட்டி டிப்ளமோ விற்கும் பயிற்சி நிலையங்களைப் பொருட்படுத்தாதீர்கள். எந்தத் தனியார் சான்றிதழும் எஸ்.எஸ்.பி. வாயிலைத் திறப்பதில்லை என்பதை, இருபது ஆண்டுக்குக் குறையாமல் பணியாற்றிய உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

என் கருத்து இது. மகளின் விருப்பம் சீருடை என்றால், சென்னை விடுதிச் செலவு தேவையற்றது. வேலூரிலேயே வரலாறு, அரசியல் அறிவியல், பொருளியல் ஆகியவற்றில் ஒன்றை, மாணவியருக்கு என்.சி.சி. பிரிவு உள்ள கல்லூரியில் படிக்கட்டும். அந்தப் பட்டம் மாற்று வழிகளை அடைக்காது. மூன்று ஆண்டு என்.சி.சி. பயிற்சியில் ‘சி’ சான்றிதழைக் குறைந்தது ‘பி’ கிரேடில் பெற்று, பட்டத்தில் 50 விழுக்காடும் எடுத்தால், எழுத்துத் தேர்வே இல்லாமல் நேரே எஸ்.எஸ்.பி. நேர்காணலுக்கான பட்டியலில் இடம்பெற முயலும் சிறப்பு நுழைவு ஒன்று ராணுவத்தில் உண்டு. சி.டி.எஸ். தேர்வையும் இதையும் ஒருசேர முயல்வதற்குத் தடையில்லை. பாதுகாப்புத் துறையில் அவருக்கு உண்மையான நாட்டம் இருந்தால் அதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுகலையில் தொடரலாம். வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்களும் அங்கே வருகிறார்கள்.

மாறாக, சீருடை கிடைக்காவிட்டாலும் இதையே படித்து ஆய்வாளராகவோ பேராசிரியராகவோ ஆவேன் என்று அவர் சொன்னால், அனுப்பிவையுங்கள். அந்த உறுதி இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆண்டறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் கடற்படை பற்றிய அத்தியாயத்தை மட்டும் ஒரு வாரத்தில் படித்து, ராஜாளி தளம் ஏன் முக்கியமானது என்று இரண்டு பக்கம் எழுதித்தரச் சொல்லுங்கள். எழுதியது நன்றாக வரவில்லை என்றாலும் பாதகமில்லை. பாதியில் மூடிவைத்தாரா என்பதைக் கவனியுங்கள்.

செலவைப் பொறுத்தவரை ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கான பிரதமர் கல்வி உதவித்தொகை தொழிற்கல்விப் பட்டங்களுக்கு உரியது. வரலாற்றுக்கோ பாதுகாப்பு ஆய்வியலுக்கோ அதை எதிர்பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். அவில்தார் நிலைவரை ஓய்வுபெற்றவர்களின் இரு பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்புவரை கேந்திரிய சைனிக் போர்டு என்ற மத்தியப் படைவீரர் நல வாரியம் வழங்கும் கல்வி உதவி வேறு. அதற்கு வேலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக விண்ணப்பியுங்கள். அரசு கலைக் கல்லூரிச் சேர்க்கையில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்குச் சிறப்பு ஒதுக்கீடு உண்டு. அதற்கான கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்னரே நடந்துவிடும் என்பதால், சார்ந்தோர் சான்றிதழை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி திறந்த முதல் சில வாரங்களிலேயே என்.சி.சி.க்கு ஆளெடுப்பு நடக்கும், இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் பட்டம் முடிவதற்குள் ‘சி’ சான்றிதழுக்கான பயிற்சிக் காலம் நிறைவடையாது.