லண்டன்ல பின்பக்க வேலி போட கவுன்சில்ல பெர்மிஷன் வாங்கணுமா?

வேலி 2 மீட்டருக்குள்ள இருந்தா பொதுவா வேணாம், ஆனா வண்டி ஓடுற ரோட்டை ஒட்டி வர்ற பக்கம்னா 1 மீட்டர்தான் லிமிட், அதைத் தாண்டினா பிளானிங் பெர்மிஷன் கட்டாயம் (இங்கிலாந்து முழுக்க இதே ரூல்தான்). நிறைய பேர் மாட்டுறது எங்கன்னா, கடையில விக்கிற ஆறடி பேனல் 1.83 மீட்டர், அடியில அரையடி கான்கிரீட் கிராவல் போர்டு (பேனல் மண்ணுல படாம இருக்க வைக்கிற பலகை) வச்சா 1.98, அதுவரை ஓகே, ஆனா கொடி ஏற அழகா இருக்கும்னு மேல ஒரு அடி டிரெல்லிஸ் (குறுக்குச் சட்டப் பின்னல்) வச்சீங்கன்னா போச்சு, அதுவும் உயரக் கணக்குலதான் வரும்!

லிஸ்டட் பில்டிங்னா (வரலாற்றுச் சிறப்புக்காகப் பாதுகாக்கப்படுற கட்டடம்) இந்த அளவெல்லாம் மறந்துட்டு முதல்லயே கவுன்சில்ல கேளுங்க. புது ஹவுசிங் எஸ்டேட் வீடுன்னா முன்பக்கம் வேலியே கூடாதுன்னு பத்திரத்துல கண்டிஷன் இருக்கலாம், படிச்சுப் பாருங்க.

அப்புறம் "இடது பக்க வேலி நம்மளுது"ன்னு ஊர்ல சொல்லுவாங்க பாருங்க, அது சும்மா கதை, அப்படி சட்டமே கிடையாது. டைட்டில் பிளான்ல (வீட்டு இடத்தோட பதிவு வரைபடம்) எல்லைக்கோட்டுல "T" எழுத்து மாதிரி குறி இருந்தா, அது எந்தப் பக்கம் இருக்கோ பெரும்பாலும் அந்த வீட்டுக்காரர் பொறுப்பு. பழைய வேலி பக்கத்து வீட்டுக்காரரோடதுன்னா அவரைக் கேக்காம ஆணிகூட அடிக்காதீங்க.