பிரஷர் வாஷர் விட்டு விட்டு அடித்தால் பம்ப்பை உடனே மாற்றாதீர்கள்

உங்கள் பிரஷர் வாஷரில் (தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவும் மெஷின்) தண்ணீர் விட்டு விட்டு வருகிறது, கையில் பிடித்து அடிக்கும் கன் ஒழுகுகிறது, பம்ப்பையே மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள். மோட்டார் சத்தம் சீராக இருக்கிறது என்றால், பெரும்பாலும் பம்ப்புக்குள் காற்று போகிறது, அல்லது தண்ணீர் போதவில்லை.

முதலில் குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்துப் பாருங்கள். மெஷின் கேட்கும் லிட்டர் ஒரு நிமிடத்தில் வராவிட்டால் கோளாறு குழாயில்தான். அது சரியென்றால் இன்லெட்டில், அதாவது மெஷினுக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில், உள்ள சின்ன வலை ஃபில்டரைக் கழுவுங்கள். இன்லெட் ஹோஸின் ரப்பர் வாஷரை மாற்றிவிட்டு கிளிப்பை இறுக்குங்கள். நான் பார்த்தவரை பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும். அப்புறம் தண்ணீர் பீய்ச்சும் முனையான நாசிலின் துளையை மெல்லிய கம்பியால் குத்தி, எதிர்ப்பக்கத்திலிருந்து தண்ணீர் விட்டு அலசுங்கள்.

கன் இணைப்பில் ஒழுகுவது தேய்ந்த ஓ-ரிங்கால் (இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம்) இருக்கும். பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், உள்விட்டமும் தடிமனும் ஒத்துப்போகிற நைட்ரைல் என்ற ரப்பரில் செய்த ஓ-ரிங் வாங்குங்கள். தடிமன் கொஞ்சம் குறைந்தாலும் மறுபடி ஒழுகும். போடும்போது சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள், ரிங் முறுக்கிக்கொள்ளாது.

ஒன்று மட்டும் தயவுசெய்து கேளுங்கள்: பம்ப்பைத் தாண்டிய பக்கத்தில் சாதாரண ஹோஸோ பிளம்பிங் ஃபிட்டிங்கோ போடாதீர்கள். அங்கே 100 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) மேல் அழுத்தம் இருக்கும்; பீய்ச்சும் தண்ணீர் தோலைக் கிழித்து உள்ளே போய்விடும். கழற்றும் முன் மின்சாரத்தைத் துண்டித்து, குழாயை மூடி, டிரிக்கரை அழுத்தி உள்ளிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றிவிடுங்கள்.